திசையா, தரையா? கண்டிச் சீமைப் போர்க்கலைகளில் நேர்கோடும் வட்டமும்

கேரளத்தின் வடக்கன் களரி நேராகப் பாயும், அங்குள்ள தெக்கன் முறையும் தமிழரின் சிலம்பமும் சுழலும் என்று சொல்வது போர்க்கலை எழுத்தில் வழக்கமாகிவிட்டது. இந்த இருமையைக் களரிப்பயற்று ஆய்வாளர் பிலிப் சரில்லியின் மேல் நான் சுமத்தவில்லை. ஆனாலும் அதைப் பேசுவோர் கையில் இருப்பது அவர் எழுத்துகளில் காணும் வடக்கு, நடு, தெற்கு என்ற பகுப்புத்தான். ஆகவே அவரிடமிருந்தே தொடங்க வேண்டும்.

திருவனந்தபுரத்துக் களரியில் பல ஆண்டுகள் உடலால் பயின்றவர் சரில்லி. 1998இல் வந்த அவரது களரிப்பயற்று நூலைத் தாண்டி இத்துறையில் யாரும் நடக்க முடியாது. தெக்கன் வர்ம அடியை வடக்கனின் கிளையாகக் கருதாமல் தனி மரபாகப் பார்க்க வேண்டும் என்ற அவர் கருத்தை முழுமையாக ஏற்கிறேன். நான் முரண்படுவது நடுப்பகுதியில். திருச்சூர், மலப்புறம், பாலக்காடு, எர்ணாகுளத்தின் சில பகுதிகள் ஆகியவற்றில் வழங்கும் முறையை அவர் கலவை என்கிறார்: வடக்கனின் மெய்ப்பயற்று என்னும் உடற்பயிற்சி வரிசையும் தெக்கனின் வெறுங்கைப் பிரிவும் சேர்ந்தது என்பது வாதம். ஆனால் அதே விவரிப்பில், தரையில் வரைந்த களங்களுக்குள் செய்யப்படும் தனித்த அசைவுகளும் அம்முறைக்கு உண்டு என்கிறார். களம் வடக்கிலிருந்தும் வரவில்லை, தெற்கிலிருந்தும் வரவில்லை என்றால் கலவை என்ற சொல் எதை விளக்குகிறது? கால் வைக்கும் இடத்தைக் கோடு முடிவு செய்யும் ஒரு முறையை இரண்டு திசைகளின் கூட்டுத்தொகையாகப் படித்ததில்தான் சறுக்கல் என்பது என் எண்ணம். அந்தக் களத்தையே திறவுகோலாகக் கொண்டு மற்ற இரண்டையும் திரும்பப் படித்தால் என்ன?

வடக்கனின் குழிக்களரி 42 அடி நீளமும் 21 அடி அகலமும் கொண்டது. நீளம் அகலத்தைப் போல் இரு மடங்கு. இப்படியொரு குழியில் மாணவர் பலர் வரிசையாக நின்று மெய்ப்பயற்றுச் செய்யும்போது நீளவாட்டில் போய்த் திரும்புவதே இயல்பு. அங்கே தெரியும் நேர்கோட்டில் குழியின் பங்கு பெரிது. இதே பயிற்சியைத் திறந்த வெளியில் செய்தாலும் நேர்கோடு மாறுவதில்லையே என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. குழியில் படிந்த பழக்கம் வெளியிலும் தொடர்கிறது என்பதே என் பதில். இது ஊகம்தான்.

பயில்வோரின் சொற்களும் என் பக்கம் நிற்கின்றன. களரியில் மெய்த்தாரி, கோல்த்தாரி, அங்கத்தாரி, வெறுங்கை என்பவை படிகள். சிங்கள அங்கம்பொரவில் ஆயுதமில்லாதது அங்கம், ஆயுதம் கொண்டது இல்லங்கம். தமிழில் வெறுங்கைக்குக் குத்துவரிசை, கம்புக்குச் சிலம்பம். மூன்றிலும் பகுப்பு உடலையும் கருவியையும் பற்றியது, வடிவத்தைப் பற்றியதன்று. சீனத்தில் நிலைமை வேறு. நேராக முன்னேறும் சிங்-இயையும் வட்டம் சுற்றி நடக்கும் பாகுவாவையும் அங்குள்ளவர்களே அப்படி அறிவார்கள். அந்த அளவுகோலை இங்கே கொண்டுவந்து வைத்ததில்தான் குழப்பம்.

நேரும் வளைவும் ஒரே அசைவில் சேர்வதைக் காணப் புறநானூற்றின் 80ஆம் பாட்டில் சற்று நிற்க வேண்டும். போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்தியதைச் சாத்தந்தையார் பாடியது. கிள்ளியின் ஒரு கால் மல்லனின் மார்பில் ஊன்றுகிறது. மற்றக் கால் அவன் செய்யும் சூழ்ச்சியைத் தடுத்துப் பின்னே பதிகிறது. பிறகு, மூங்கிலை வளைத்துத் தின்ன முயலும் பசித்த யானையைப் போல, தலையும் காலுமாகிய இரு முனையும் முறியத் தாக்குகிறான். கால்கள் முன்னும் பின்னுமாக ஒரு கோட்டில் நிற்க, விசை வளைந்து போகிறது. ஒரே பிடியில் இரண்டும் உள்ளன. இந்தப் பாட்டின் காலம் பற்றி அறிஞர்க்குள் ஒருமை இல்லை. என் வாதத்துக்கு அது தேவையும் இல்லை.

இனி கண்டி. எம்பெக்கே தேவாலயத்தின் 32 மரத்தூண்களில் இரு மல்லர் பின்னிப் பிணைந்த செதுக்கல் ஒன்று உண்டு. அங்கம்பொர பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் சான்றாகக் காட்டுவது இதையே. உடல்கள் சுருண்டிருப்பதால் வட்டப் பிடிக்கும் சான்றாக்கிவிடலாம். நான் தயங்குகிறேன். அதே தூண்வரிசையில் கழுத்துகள் பின்னிய அன்னங்களும் உள்ளன. சதுரச் சட்டத்துக்குள் அடக்கவே சிற்பி இவற்றைப் பின்னலாக்கியிருக்கலாம். மல்லரை வளைத்தது அவர்களின் பிடியா, அவனது சட்டமா? மரத்தில் தரை தெரிவதில்லை. கால் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிவதில்லை. காலமும் சிக்கலானது. கோயில் 14ஆம் நூற்றாண்டில், மூன்றாம் விக்கிரமபாகு காலத்தது என்பர். தூண்கள் கம்பளை அரச மண்டபத்திலிருந்து வந்தவை என்ற மரபும் வழங்குகிறது. செதுக்கலைக் கோயிலின் காலத்தோடு கட்டிப்போட நான் துணியமாட்டேன்.

மரத்தில் தெரியாத தரையைத் தேடி இனி மலைநாட்டுச் சிலம்பத்துக்கு வருவோம். கண்டிக்குக் கிழக்கே, மஹியங்கனை வீதியில் ஹுன்னஸ்கிரிய. அருகிலுள்ள மெதமஹநுவரவில்தான் 1815 பெப்ரவரி 18 அன்று கண்டியின் கடைசி அரசன் சிறைப்பட்டான். 1739இல் அரியணை ஏறிய நாயக்கர் வழியில் வந்தவன் என்பதால், மலைநாட்டுச் சிலம்பத்தை அவ்வரச மரபோடு இணைக்க ஆசை எழும். அதற்கு அவசியம் இல்லை. 1820களில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கிய பின் மதுரை, திருச்சி, சேலம், இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து வந்த தொழிலாளரோடு கம்பும் வந்தது என்று கொள்வதே எளிது. எந்தப் பத்தாண்டு என்று குறிக்க எனக்கு மனம் இல்லை.

கம்பு நெற்றி உயரம், ஏறக்குறைய ஐந்தரை அடி. நடுவில் பிடித்துச் சுற்றினால் ஐந்தரை அடி விட்டம் போதும். முனையில் பிடித்து வீசினால் கையின் நீளமும் சேர்ந்து 15 அடிக்கு மேல் வேண்டும். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்து முற்றத்தில், ஒரு பக்கம் சுவரும் மறுபக்கம் சரிவுமாக, அவ்வளவு இடம் எளிதில் கிடைக்காது. ஆகவே அங்கே கம்பு சுற்றும், கால் முற்றத்தின் நீளவாட்டில் முன்னும் பின்னும் போகும். சுற்றும் கம்பின் முனை எந்தப் புள்ளியிலும் தொடுகோட்டுத் திசையில்தான் விரைகிறது; சுழற்சியைச் சட்டென்று நிறுத்திக் குத்தாக நீட்டும் ஆட்டக்காரர் வட்டத்துக்குள் இருந்த கோட்டை வெளியே எடுக்கிறார். திருவிழா அன்று கோயில் முன்றிலில், தப்பு முழங்க, அதே கை அகல வீச்சுக்குப் போகிறது. ஆள் ஒருவர்தான், பாடமும் ஒன்றுதான்.