அம்மானை ஆடிய ஊரில்

சென்ற மார்கழியில் ஒரு நாள் திருவண்ணாமலையில் மலைவலம் வந்துகொண்டிருந்தேன். பெரிய கோயிலிலிருந்து இருட்டோடு புறப்பட்டவன், மலைக்குப் பின்புறம் அடி அண்ணாமலையை அடைந்தபோது நன்றாக விடிந்துவிட்டது. மாணிக்கவாசகர் இங்கே தங்கித் திருவெம்பாவையும் திருவம்மானையும் பாடினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஒன்று, தோழியரை எழுப்பும் பெண்களின் பாட்டு. மற்றொன்று, காய்களை மேலே எறிந்து பிடித்து அவர்கள் ஆடும் விளையாட்டின் பாட்டு.

தேநீர்க் கடை வாசலில் உட்கார்ந்தேன். எதிர்த் திடலில் சில சிறுமிகள் பந்தை உதைத்துக்கொண்டிருந்தார்கள். பந்து உருண்டு என் காலடிக்கு வந்தது.

"தாத்தா, இப்படித் தள்ளி விடுங்க!" என்று ஓடி வந்தாள் ஒருத்தி.

"பெரியவளானால் என்ன செய்யப் போகிறாயம்மா?"

"இந்தியாவுக்கு ஆடுவேன்!"

கடைக்காரர் சிரித்தார். "இதெல்லாம் நேத்து வந்த பழக்கம், சாமி. பொம்பளைப் பிள்ளைக்குப் பந்து எதுக்கு?"

நேற்று வந்ததா? சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையிலேயே பெண்கள் பந்தாடும் கந்துக வரி இருக்கிறது. அது கைப்பந்து என்று கடைக்காரர் வாதாடலாம். காலால் உதைக்கும் பந்துக்கே வருவோம்.

1920 டிசம்பரில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பெண்கள் ஆடிய ஒரு பந்தயத்தைக் காண 53,000 பேர் திரண்டார்கள். மறு ஆண்டே, கால்பந்து பெண்களுக்கு ஏற்றதல்ல என்று சொல்லி அந்நாட்டுச் சங்கம் தன் மைதானங்களை அவர்களுக்கு அடைத்துவிட்டது. அந்தத் தடை ஏறக்குறைய அரை நூற்றாண்டு நீடித்தது. 1971-இல் மெக்ஸிகோவில் பெண்கள் உலகப் போட்டி ஒன்று நடந்தது. இறுதிப் பந்தயத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடினார்கள், டென்மார்க் வென்றது. உலகக் கால்பந்துச் சம்மேளனமோ அதை அங்கீகரிக்கவில்லை.

ஆசியப் பெண்கள் காத்திருக்கவில்லை. தமக்கென்று தனிச் சங்கம் வைத்து, 1975-இல் ஹாங்காங்கிலும் 1977-இல் தைவானிலும் போட்டி நடத்தினார்கள். மூன்றாவது போட்டி எங்கே நடந்தது தெரியுமா? பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் எட்டிவிடும் கோழிக்கோட்டில்!

1980 ஜனவரி. நம் வீடுகளில் பொங்கல் பானை ஏறிய நாட்கள். ஹாங்காங், பிலிப்பைன்ஸ், தைவான், மேற்கு ஆஸ்திரேலியா ஆகிய அணிகள் வந்திருந்தன. இந்தியாவின் சார்பில் ஒன்றல்ல, இரண்டு அணிகள் இறங்கின. அவற்றில் ஒன்று இறுதிப் பந்தயம் வரை முன்னேறி, தைவானிடம் இரண்டு கோல்களில் தோற்றது. ஆசியாவில் இரண்டாம் இடம்! 1983-இல் தாய்லாந்தில் நடந்த போட்டியிலும் அதே இரண்டாம் இடம். அந்த ஆண்டுகளில் ஆடிய சாந்தி மல்லிக்குக்கு 1983-இல் அர்ஜுனா விருது கிடைத்தது. கால்பந்துக்காக அதைப் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்.

பிறகு ஏன் மறந்தோம்? பெண்களின் சங்கங்கள் தனியே நின்றன; பணமும் மைதானமும் பெரிய சங்கங்களிடம் இருந்தன. உலகச் சம்மேளனம் பெண்களுக்கு உலகக் கோப்பை நடத்தியதே 1991-இல்தான். இந்தியப் பெண்கள் கால்பந்தை அகில இந்தியச் சம்மேளனம் ஏற்றுக்கொண்டதும் ஏறக்குறைய அப்போதுதான். அதற்குள் கோழிக்கோட்டில் ஆடியவர்களுக்கு ஆடும் வயது கடந்துவிட்டது.

ஆனாலும் வேர் பட்டுப்போகவில்லை. 2018-இல் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை வென்று தேசியப் பட்டம் பெற்றார்கள். 2025 ஜூலையில் தாய்லாந்து மண்ணிலேயே தாய்லாந்தை 2-1 என்று வென்று, இந்தியப் பெண்கள் ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள்.

இவ்வளவையும் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் தேநீர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். பந்தை இடுப்பில் இடுக்கியபடி அந்தச் சிறுமியும் நின்று கேட்டாள்.

"ரெண்டு தடவையும் ரெண்டாவதா தாத்தா?"

"ஆமாம் அம்மா."

சற்று யோசித்தாள்.

"அப்போ முதல் இடம் இன்னும் பாக்கி இருக்கு!" என்று சொல்லிவிட்டுத் திடலுக்கு ஓடினாள்.