வில்லும் கடிவாளமும்

ஒரு சுருள்வில்லில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள். கல்லைச் சற்றுக் கீழே இழுத்துவிட்டால், அது மேலும் கீழுமாக நெடுநேரம் ஆடிக்கொண்டிருக்கும். அடுத்து, அதே கல்லை ஒரு வாளித் தண்ணீருக்குள் மூழ்கியிருக்குமாறு தொங்கவிட்டு மறுபடியும் இழுத்துவிடுங்கள். முன்னைவிட விரைவில் ஆட்டம் அடங்கிவிடும். முதற் சோதனையில் வில் மட்டுமே இருந்தது; இரண்டாவதில் வில்லுடன் ஒரு தடையும் சேர்ந்துகொண்டது. மோட்டார் காரின் பயணச் சுகமும் பாதுகாப்பும் இவ்விரண்டின் கூட்டுறவால் அமைபவையே. வரலாற்றில் வில் முந்திவிட்டது. தடை நெடுங்காலம் கழித்தே வந்து சேர்ந்தது. பழைய அமெரிக்கப் பெருங்கார்களைப் பேணிவரும் ஆர்வலர்களில் சிலர் இன்றும் வில்லை மாற்றிவிட்டுத் தடையை மறந்துவிடுகின்றனர். அதனால் என்ன நேரும் என்பதை இவ்வரலாற்றின் வழியே பார்ப்போம்.

குதிரை வண்டியின் சீதனம்

வில்லின் நீட்சி அதன்மீது செயல்படும் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்னும் விதியை இராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்டார். இதனைப் பள்ளிப் பாடத்தில் நீங்கள் படித்திருப்பீர்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனைச் சேர்ந்த ஒபடையா எலியட் என்பவர், வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கி அமைத்த விற்களை வண்டிகளுக்குப் பொருத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். லாரிப் பட்டறைகளில் இன்று கமான் பட்டை எனப்படுவது இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று உராய்வதால் வில்லின் ஆட்டம் ஓரளவு தானாகவே அடங்கியது. குதிரையின் வேகத்துக்கு அந்த உராய்வே போதுமானதாக இருந்தது.

மோட்டார் கார் இவ்விற்களை அப்படியே சீதனமாகப் பெற்றது. 1908 முதல் 1927 வரை விற்பனையான ஃபோர்டு ‘டி’ மாடலில், முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகக் குறுக்கே அமைந்த இரண்டு பட்டைவிற்களே இருந்தன. ஆட்டத்தை அடக்கத் தனிக் கருவி எதுவும் இல்லை. ஆனால் வேகம் கூடக்கூட, பட்டைகளின் உராய்வு மட்டும் போதவில்லை. ஆடும் வண்டியில் சக்கரம் சாலையை விட்டு எழும்பியது. சக்கரம் தரையைத் தொடாத நொடியில் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் இருந்தும் இல்லாதவையே அல்லவா?

உராய்விலிருந்து எண்ணெய்க்கு

பிரான்சில் த்ருஃபோ வகுத்த உராய்வு அடக்கியை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹார்ட்ஃபோர்டு அமெரிக்காவில் பரப்பினார். வட்டத் தகடுகளை நெருக்கி அழுத்தி, அவற்றின் உராய்வால் ஆட்டத்தைத் தடுக்கும் கருவி அது. அதில் ஒரு குறை உண்டு. உலர் உராய்வு மெல்லிய அசைவுக்கும் பெரிய அசைவுக்கும் ஏறத்தாழ ஒரே தடையைத் தருவது. ஆகவே சிறு கற்களின்மேல் வண்டி விறைத்துக் குலுங்கியது. பெரும் பள்ளத்திலோ தடை போதவில்லை.

எண்ணெய் இச்சிக்கலைத் தீர்த்தது. சிறு துளை வழியாக எண்ணெயை மெல்லத் தள்ளினால் எளிதில் செல்லும்; விரைந்து தள்ளினால் எதிர்த்து நிற்கும். தேவைக்கேற்பத் தடையும் வளர்கிறது! பிரான்சின் ஊடாய் உருவாக்கிய வகை எண்ணெய் அடக்கிகளை, 1927 இறுதியில் வெளிவந்த ஃபோர்டு ‘ஏ’ மாடல் நான்கு சக்கரங்களுக்கும் பெற்றது.

ஷாக் அப்சார்பர் என்ற பெயர் நம்மைச் சற்று ஏமாற்றுவது. மேட்டின் அதிர்ச்சியை ஏற்றுக்கொள்வது வில்லே. வண்டியின் எடையைச் சுமப்பதும் வில்லே. வில் வாங்கிச் சேமித்த ஆற்றலை எண்ணெயின் வழியே வெப்பமாக மாற்றி வெளியேற்றுவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. வில்லைக் குதிரை என்று கொண்டால், இதனைக் கடிவாளம் எனலாம்.

ஆலியின் ஆய்வு

1930-இல் மாரிஸ் ஆலி என்னும் ஆங்கிலேயப் பொறியாளர், ரோல்ஸ்-ராய்ஸிலிருந்து அமெரிக்காவின் காடிலாக் நிறுவனத்துக்கு வந்தார். அக்காலக் கார்களில் முன்வில் விறைப்பாகவும் பின்வில் மென்மையாகவும் இருந்தன. 1932-இல் அவர் ஒரு பெரிய காடிலாக் காரின் முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய எடைகளைப் பொருத்தினார். விற்களின் விறைப்பையும் மாற்றி மாற்றி அமைத்தார். அதில் பயணம் செய்தவரின் உணர்வே அவருக்கு அளவுகோல்.

கிடைத்த முடிவு பழைய வழக்கத்துக்கு நேர்மாறானது. முன்வில்தான் மென்மையாக இருக்கவேண்டும்! காரணம் எளிது. மேட்டின்மேல் முன்சக்கரம் முதலில் ஏறுகிறது. பின்சக்கரம் சிறிது தாமதித்து ஏறுகிறது. பின்புறம் சற்று விரைவாக அலைந்தால், அது முன்புறத்தை எட்டிப்பிடித்துவிடும். பிறகு இரண்டும் ஒன்றாக ஏறி இறங்கும். முன்னும் பின்னும் ஊசலாடித் தலையாட்டும் தொல்லை குறைந்துவிடும்.

ஆனால் இரு முன்சக்கரங்களையும் ஒரே அச்சில் கோத்துவிட்டு வில்லை மென்மையாக்கினால், சக்கரங்கள் நடுங்கத் தொடங்கின. எனவே ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் தனித்தனித் தொங்கமைப்பு தேவைப்பட்டது. 1934-இல் ஜெனரல் மோட்டார்ஸின் கார்கள் பலவற்றில் அது இடம்பெற்றது.

மிதக்கும் பெருங்கார்கள்

1958-இல் செவர்லேயின் பெருங்கார்கள் நான்கு சக்கரங்களுக்கும் சுருள்வில் பெற்றன. சுருள்வில்லில் பட்டைகளும் இல்லை, உராய்வும் இல்லை. இதனால் ஆட்டத்தை அடக்கும் பொறுப்பு ஏறத்தாழ முழுவதும் ஷாக் அப்சார்பரின்மேல் விழுந்தது. மென்மையை நாடிய அக்காலப் பெருங்கார்களில் பல, நேர்ச்சாலையில் படகுபோல் மிதந்தன. வளைவிலோ சாய்ந்து தள்ளாடின.

எண்ணெய்க்கும் ஒரு பலவீனம் இருந்தது. தொடர்ந்த குலுக்கலில் அதனுடன் காற்று கலந்து நுரைத்துவிட்டால் தடை தளர்ந்துவிடும். 1950களில் பிரெஞ்சு அறிஞர் தெ கார்போன், எண்ணெயை உயர் அழுத்த வாயுவால் நெருக்கி நுரைக்காமல் காக்கும் அடக்கியை வகுத்தார்.

1977-இல் செவர்லே தன் பெருங்கார்களைச் சுருக்கியது. சக்கர அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரம் 121.5 அங்குலத்திலிருந்து 116 அங்குலமாயிற்று. விரும்புவோருக்கு விறைப்பான விற்கள் கொண்ட ‘எஃப்41’ தொங்கமைப்பும் கிடைத்தது. காவல்துறைக்கெனத் தனிப் பதிப்பும் உண்டு. 1994-இல் வந்த இம்பாலா எஸ்எஸ், காவல்துறைப் பதிப்பின் தொங்கமைப்போடு தெ கார்போன் வகை அடக்கிகளையும் பெற்றது. 1,800 கிலோவுக்கும் மேற்பட்ட அந்தக் கார் 1996-இல் நிறுத்தப்பட்டது. உற்பத்தியாளரே செய்துகாட்டிய மேம்பாடு அது. அதில் வில்லும் அடக்கியும் சேர்ந்தே மாறியதைக் கவனியுங்கள்.

வில்லை மட்டும் மாற்றினால்?

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு காரின் அடக்கி நல்ல நிலையில் இருக்கிறது. 10 செ.மீ. அமுங்கிய வண்டி ஒரு முழு அலைவுக்குப் பின் 1.4 செ.மீ. அளவே ஆடுகிறது எனக் கொள்வோம். அடக்கியை மாற்றாமல் வில்லின் விறைப்பை மட்டும் இரு மடங்காக்கினால், அதே ஆட்டம் 2.6 செ.மீ. ஆகிவிடும். ஏனெனில் விறைத்த வில்லை அடக்க வலுவான தடை வேண்டும். தேய்ந்துபோன அடக்கி பழைய தடையில் மூன்றில் ஒரு பங்கையே தருமானால், பழைய வில்லிலேயே ஆட்டம் 5 செ.மீ.க்கு மேல் எஞ்சும்.

வண்டி தாழ்ந்துவிட்டால் வில் மென்மையாகிவிட்டது என்று பலர் கருதுகின்றனர். அது உண்மையன்று. வில்லின் விறைப்பைக் கம்பியின் தடிமனும், சுருளின் விட்டமும், சுற்றுகளின் எண்ணிக்கையும், எஃகின் தன்மையும் முடிவு செய்கின்றன. தளர்ந்த வில் உயரத்தில் குறைகிறதே தவிர, விறைப்பில் பெரும்பாலும் குறைவதில்லை. அதற்கு மாற்று, உரிய உயரமுள்ள புதிய வில்லே. கம்பி பத்தில் ஒரு பங்கு தடித்தாலே விறைப்பு 46 விழுக்காடு கூடிவிடும். ஆகவே தடித்த வில்லைத் தேர்வதில் நிதானம் வேண்டும்.

வண்டியைத் தாழ்த்துவதற்காகச் சுருளை அறுப்பது இன்னும் தீது. எட்டுச் சுற்றுகளில் ஒன்றை நீக்கினால் விறைப்பு 14 விழுக்காடு ஏறும். வில் அசைவதற்கான இடமோ குறையும். பள்ளத்தில் விழும்போது இரும்பு இரும்போடு மோதும்.

இன்னொன்றையும் மறவாதீர்கள். விறைப்பு என்பது பாதுகாப்பன்று. மென்மை என்பது சுகமுமன்று. கரடுமுரடான சாலையிலும் சக்கரம் தரையை விடாமல் பற்றியிருப்பதே இரண்டுக்கும் அடிப்படை. பழைய காரின் வில்லை மாற்ற எண்ணும் எவரும், அதற்கேற்ற அடக்கியையும் உடன் தேர்ந்தெடுக்கட்டும். புதுக் குதிரை வாங்குகிறவர் பழைய கடிவாளத்தையும் ஒருமுறை இழுத்துப் பார்ப்பது நல்லது.