மங்கும் கிண்ணமும்

கலங்கள் யாவற்றுக்கும் ஒரு பெயர் போதும் என்று கருதுவோர் உளர். மண்ணை வனைந்த குயவரும் அதனை ஆண்ட அடுக்களைப் பெண்டிரும் அங்ஙனம் கருதினாரல்லர். சோறு சமைப்பதற்குரியது பானை. நீர் தளும்பாவண்ணம் கழுத்துக் குறுகி இடுப்பில் ஏறுவது குடம். குழம்பு வைப்பதற்கு வாயகன்றது சட்டி. கள் இறக்கப் பாளையில் கட்டுவது கலயம். இறந்தாரை இட்டுப் புதைக்கவும் பண்டு பயன்பட்ட பெருங்கலம் தாழி. தொழில் வேறுபடுந்தோறும் வடிவம் வேறுபட்டது. வடிவம் வேறுபடுந்தோறும் பெயரும் வேறுபட்டது. இவை அனைத்தையும் 'பாத்திரம்' என்று சொல்லிவிடுதல் இலக்கணப் பிழையன்று. ஆயினும், அவ்வொரு சொல்லுக்குப் பின்னே ஒரு வாழ்க்கை முறையே மறைந்துபோகும்.

இத்தகைய சொற்களின் பழமைக்குச் சான்று கடல் கடந்த நாட்டில் கிடைத்துள்ளது. எகிப்தின் செங்கடற்கரையில் உள்ள குசேர் அல்-கதீம் உரோமர் காலத்துத் துறைமுகம். அங்கே அகழ்ந்தெடுக்கப்பட்ட சேமிப்புச் சாடியின் ஓடு ஒன்றில் தமிழ்ப் பிராமி எழுத்து இருப்பது 2007ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனைக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் 'பானை ஒறி' என்று படித்தார். 'ஒறி' என்பது உறியின் வேற்றுவடிவம். கயிற்றுவலையில் தொங்கவிடும் கலம் என்பது கருத்து. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அதனை எழுதியவர் பொதுச்சொல் ஒன்றை எழுதி அமைந்திருப்பின், அக்கலத்தைத் தூக்கி வைத்த முறை இன்று விளங்கியிராது. சொல் திட்பமாய் இருந்தமையால் கயிறு அழிந்தும் செய்தி அழியவில்லை.

இவ்வுண்மை காஜாங் வட்டாரத்திற்கும் பொருந்தும். காப்பி பயிரிடப்பட்ட இப்பகுதியில், 1890களில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் இஞ்ச் கென்னத் தோட்டத்தில் ரப்பர் நட்டனர். பின்னர் எழுந்த தோட்டங்களில் பால்மரம் சீவத் தமிழர் வந்தனர். மரத்தில் வடியும் பாலை ஏந்துவதற்கு முதலில் தேங்காய்ச் சிரட்டை பயன்பட்டது. பின்னர் மண்ணாலும் கண்ணாடியாலும் ஆன சிறுகலங்கள் வந்தன. அக்கலத்தைத் தோட்டத் தமிழர் 'மங்கு' என்றனர். மலாய்மொழியின் 'மங்கோக்' என்னும் சொல்லின் திரிபு அது. மலாயில் கிண்ணம் எதனையும் குறிக்கும் அச்சொல், தோட்டத்தில் ரப்பர்ப் பாலுக்குரிய கலத்தை மட்டும் குறிக்கலாயிற்று. மங்கிலிருந்து பால் வாளிக்குச் சென்றது. வாளிகள் காண்டாக் கட்டையின் இருபுறமும் தொங்கி நிறுக்கும் இடத்திற்குச் சென்றன.

மாணவன் கட்டுரையில் 'மங்கு' என்று எழுதினால், அதனை அடித்துக் 'கிண்ணம்' என்று திருத்துவது நன்றோ? கிண்ணம் உண்ணவும் பருகவும் உரியது. திருத்தப்பட்ட தொடரைப் படிப்பவன் உணவுமேசையைக் காண்பானேயன்றி, விடியற்காலையில் மரந்தோறும் நடந்த தாயைக் காணமாட்டான்.

சொற்கள் இங்ஙனம் நாடு மாறுதல் புதிதன்று. தமிழின் 'பெட்டி' மலாயில் 'பெத்தி' ஆயிற்று. பாரசீகத்திலிருந்து வந்த பீங்கான் தமிழில் கலத்தின் மூலப்பொருளைக் குறிக்க, மலாயில் 'பிங்கான்' உணவுத்தட்டைக் குறிக்கிறது. போர்ச்சுக்கீசியர் வழிவந்த பீப்பாய் தமிழ்ச்சொல்லாகவே வழங்குகிறது. பால்புட்டி, மருந்துக் குப்பி, எண்ணெய்ப் போத்தல் என்னும் வழக்குகளில் எது எங்கே பொருந்தும் என்பதைச் செவியே உணர்த்தும்.

தொல்காப்பியர் திசைச்சொல்லைச் செய்யுட்குரிய நால்வகைச் சொற்களுள் ஒன்றாக வைத்தார். தமிழல்லாத நிலங்களிலிருந்து வந்து வழங்குவனவற்றையும் நன்னூலார் அவ்வகையில் அடக்கினார். அயற்சொல் எதனையும் வரைமுறையின்றி ஏற்கலாம் என்பது இதன் கருத்தன்று. தக்க தமிழ்ச்சொல் உள்ளவிடத்து அதனையே ஆளுதல் முறை. ஆனால் புதிய பொருளுக்குப் புதிய நிலத்தில் மக்கள் கண்ட பெயரை இழிவழக்கென ஒதுக்குதல் முறையன்று.

காஜாங்கைச் சூழ்ந்த தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. மரங்களோடு மங்கும் மறைந்து வருகிறது. அடுத்த தலைமுறை அதனைக் கண்ணால் காணாதிருக்கலாம்; சொல்லாலேனும் அறிதல் வேண்டும். எகிப்தின் மணலில் ஓர் உறியைக் காத்தது இரண்டு சொற்களே. ஒரு மங்கைக் காப்பதற்கு மாணவனின் ஏடும், அதனை அடிக்காமல் விடும் ஆசிரியரின் கையும் போதும்.