ஆட்டோராட்

ஆய்வுக்கூடப் பேச்சில் அது ‘ஆட்டோராட்’. முழுப் பெயர் ஆட்டோரேடியோகிராஃப். ரேடியோகிராஃப் என்றால் நமக்குத் தெரிந்த எக்ஸ்ரே படம்தான்: வெளியிலிருந்து வரும் கதிர் உடம்பை ஊடுருவி ஃபிலிமில் விழுத்தும் நிழல். முன்னால் ‘தான்’ என்று பொருள்படும் கிரேக்க ‘ஆட்டோ’ ஒட்டியதும் திசை மாறிவிடுகிறது. இங்கே கதிர் கிளம்புவதே படம் எடுக்கப்படும் பொருளுக்குள்ளிருந்து.

பெயருக்கு முன்பே பொருள் வந்துவிட்டது. 1896இல் பாரிஸில் வெயில் காணாத சில நாட்கள். கறுப்புத் தாளில் பொதிந்த ஒளிப்படத் தகட்டையும் யுரேனிய உப்பையும் இயற்பியலாளர் பெக்கரல் மேசை டிராயரில் போட்டு வைத்தார். தகட்டைக் கழுவிப் பார்த்தால் உப்பு இருந்த இடம் கறுத்திருந்தது. உயிரினத்தில் முதலில் செய்து பார்த்தவர் ரஷ்யாவில் இருந்த லண்டன் (ஊரல்ல, ஆளின் பெயர்). 1904இல், ரேடியத்திலிருந்து வரும் வாயுவை ஏற்ற தவளையைத் தகட்டின்மேல் வைத்தார். தவளையின் உருவம் பதிந்தது. 1924இல் லக்கசாஞ், லத்தே இருவரும் பொலோனியம் செலுத்திய விலங்குகளின் உறுப்புகளை மெல்லிய சீவல்களாக அறுத்துத் தகட்டோடு ஒட்டி வைத்தார்கள். பொலோனியம் எந்த உறுப்பில் என்பதோடு, உறுப்பின் எந்த மூலையில் என்பதும் தெரிந்தது.

மான்ட்ரியலில் லெப்லோன் 1946இல் பெலாஞ்சரோடு சேர்ந்து, ஒளிப்பசையை (ஒளிப்படத் தகட்டில் இருக்கும் ஒளியுணர் பூச்சை) உருக்கித் திசுவின் மேலேயே பூசினார். அவர் எழுதியது ‘ரேடியோஆட்டோகிராஃப்’ என்று. ஆட்டோகிராஃப் நமக்கும் பழக்கமான சொல்தானே? கதிர் போட்ட கையெழுத்து! எனக்கு இதுதான் பிடிக்கிறது. ஆனால் வழக்கில் நின்றது மற்றது.

கையெழுத்து எவ்வளவு பொடியாக விழும் என்பதை 1957இல் டெய்லர் குழு காட்டியது. டிஎன்ஏ கட்டப் பயன்படும் தைமிடினில் கதிர்வீசும் ஹைட்ரஜனான டிரிட்டியத்தை ஏற்றி, அவரை இனச் செடி ஒன்றின் வேர்நுனிக்கு ஊட்டினார்கள். டிரிட்டியத்தின் பீட்டாத் துகள் ஒளிப்பசையில் சராசரி ஒரு மைக்ரான்கூடப் போகாது. அதனால் ஒளிப்பசையின் வெள்ளிக் குருணை குரோமோசோமின் தலைக்கு மேலேயே கறுத்து நிற்கும். முதல் பிரிவில் குரோமோசோமின் இரட்டை இழை இரண்டிலும் புள்ளிகள். தைமிடினை நிறுத்திய பிறகு வந்த அடுத்த பிரிவில் ஒன்றில் மட்டும். பழைய டிஎன்ஏவின் பாதி புதியதில் தங்குகிறது என்பதற்குக் குரோமோசோமிலேயே கிடைத்த சான்று அது. 1963இல் கெய்ன்ஸ் இரண்டு மாதம் இருட்டில் காத்திருந்து, ஈ. கோலை பாக்டீரியாவின் டிஎன்ஏ முழுவதையும் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள புள்ளிக்கோட்டு வளையமாகப் பார்த்தார்.

இப்போது பல கூடங்களில் ஃபிலிம் கிடையாது. பாஸ்பர் தகட்டை லேசரால் படித்துக் கணினித் திரையில் எடுக்கிறார்கள். அதற்கும் பெயர் ஆட்டோராட்தான். சொல்லில் ஃபிலிம் என்ற பேச்சே இல்லாததால் மாற்ற வேண்டிய தேவையும் வரவில்லை.