மூச்சும் கண்ணீரும்

சென்ற ஆண்டு இறந்தோர் நினைவு நாளுக்குச் சில நாட்களுக்கு முன், நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் நம்மைக் காண வந்தார். மகனைப் பறிகொடுத்து ஐந்து திங்கள் ஆகியிருந்தது. "சாமி, நெஞ்சு அடைத்தாற்போல இருக்கிறது. மூச்சு முழுதாக இறங்குவதில்லை. டாக்டர் யோகா வகுப்புக்குப் போகச் சொல்கிறார். நாம் வேதக்காரர்கள் ஆயிற்றே, போனால் பாவமா?" என்று கேட்டார். குருவானவராக எத்தனையோ கல்லறைகளின் ஓரம் நின்றிருக்கிறோம். ஆயினும் துக்கம் மூச்சில் தங்கும் என்பதை அந்த அம்மாவின் வாய்மொழி உணர்த்திய அளவுக்கு, குருமடத்தில் கற்ற நூல்கள் நமக்கு உணர்த்தவில்லை. நூல்களில் அது இல்லாமல் இல்லை. அந்தப் பக்கங்களை நாம்தாம் விரைந்து புரட்டிவிட்டோம்.

கி.பி. 387-ஆம் ஆண்டு. உரோமையின் துறைமுகமான ஓஸ்தியாவில், புனித மோனிக்கம்மாள் தம் 56-ஆம் வயதில், நோயுற்ற 9-ஆம் நாள் உயிர் நீத்தார். மகன் அகுஸ்தினாருக்கு அப்போது வயது 33. தாயின் கண்களை அவரே மூடினார். பேரன் அதெயோதாத்துஸ் வாய்விட்டு அலறினான். சுற்றி நின்றோர் அனைவரும் அவனை அடக்கினர். விசுவாசத்தில் மரித்தவருக்கு ஓலமும் ஒப்பாரியும் பொருந்தா என்பது அவர்கள் எண்ணம். அகுஸ்தினாரும் அழவில்லை. உடலை எடுத்துச் சென்றபோதும், கல்லறையருகே மன்றாடியபோதும் அவர் கண்கள் உலர்ந்தே இருந்தன. குளித்தால் மனத்துயர் அகலும் என்று கேள்விப்பட்டிருந்தமையால் குளிக்கச் சென்றார். குளித்த பின்னும் துயர் முன்போலவே இருந்தது என்று தம் 'அறிக்கைகள்' நூலின் 9-ஆம் பகுதியில் ஒளியாது எழுதுகிறார். பிறகு உறங்கினார். விழித்தபோது துயர் சற்றுத் தணிந்திருந்தது. படுக்கையில் தனித்திருக்கையில், புனித அம்புரோசியாரின் பாடல் ஒன்று நினைவில் எழுந்தது. அதன் பின்னரே, அதுவரை அடக்கி வைத்திருந்த கண்ணீரை ஓடவிட்டார். அழுதது சிறிது நேரந்தான். அதையும் குற்றமாகக் காண்போர் இருப்பர் என்றெண்ணி, படிப்போரிடம் தம் நிலையை எடுத்துரைக்கிறார்!

இளங்குருவாய் இருந்த நாட்களில், சிறுவன் அதெயோதாத்துஸை அடக்கியவர்களின் கூட்டத்தில் நாமும் இருந்திருக்கிறோம். இழவு வீட்டில் தலைவிரித்து அழுத பெண்களை நோக்கி, உயிர்ப்பை நம்புகிறவர்கள் இப்படி அழலாமா என்று கேட்டதுண்டு. அழுகை நின்றது. துயர் நின்றதா என்று திரும்பிப் போய்ப் பார்த்ததில்லை. இலாசரின் கல்லறை முன் ஆண்டவரே உள்ளம் குமுறிக் கண்ணீர் விட்டதை மறையுரையில் சொல்லிக்கொண்டேதான் இதையும் செய்தோம்.

13-ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினாஸ், தம் இறையியல் பெருநூலில், துயருக்கு மருந்து யாது என ஆராய ஒரு தனி வினாவையே ஒதுக்கியிருக்கிறார். மகிழ்வளிப்பவை, கண்ணீர், நண்பரின் இரக்கம், உண்மையைத் தியானித்தல் ஆகிய நான்கையும் கூறி, ஐந்தாவதாக உறக்கத்தையும் குளியலையும் சேர்க்கிறார். துயரமானது உடலின் உயிரியக்கத்துக்கே பகையாவது; ஆகவே உடலை அதற்குரிய நிலைக்கு மீட்பது எதுவும் துயரைத் தணிக்கும் என்பது அவர் காட்டும் காரணம். அகுஸ்தினாரின் குளியலையும் உறக்கத்தையுமே சான்றாகத் தருகிறார். குளியல் பயன் தரவில்லை என்ற செய்தியை மட்டும் ஏனோ விட்டுவிட்டார். மேற்கோள் காட்டும்போது பெரியோரும் சில வரிகளைத் தாண்டிச் செல்வர் போலும்.

உயிரியக்கம் குலைவதே துயரின் அடையாளம் என்பது யோகம் பயின்றோருக்கு வியப்பளிக்காது. பதஞ்சலி முனிவர் தம் யோக சூத்திரத்தின் முதற்பாதத்தில், மனத்தைச் சிதறச் செய்யும் தடைகளைக் கூறிய கையோடு, அவற்றுடன் கூடவே வருவன நான்கு என்கிறார்: துன்பம், மனச்சோர்வு, உடல் நடுக்கம், சீர்கெட்ட மூச்சு. நம்மிடம் வந்த தாய் சூத்திரம் எதுவும் படித்தவரல்லர், சொன்னதோ இதுவே. மூச்சை வெளிவிட்டு நிறுத்திப் பழகுதலை மனம் தெளிவதற்கான வழிகளுள் ஒன்றாகப் பதஞ்சலி வைக்கிறார். பகவத்கீதையின் முதல் அத்தியாயத்துக்கு அருச்சுன விஷாத யோகம் என்று பெயர். சுற்றத்தாரைக் கொல்ல நேருமே எனக் கலங்கிய வில்லாளிக்கு உடல் சோர்கிறது, வாய் உலர்கிறது, வில் கைநழுவுகிறது. துயரோடு கொண்ட சேர்க்கையை விடுவதே யோகம் என்று அதே நூலின் ஆறாம் அத்தியாயம் வரையறுக்கிறது.

சேர்க்கையை விடுவது என்னும் இச்சொல்லில்தான் நமக்குச் சிறு தயக்கம். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் யோகத்தை விரித்துரைக்கும் திருமூலரின் வரலாறு, பெரியபுராணத்தில் ஒரு சாவிலிருந்தே தொடங்குகிறது. காவிரிக்கரைச் சாத்தனூரில் மூலன் என்னும் இடையன் இறந்துகிடக்க, அவன் மேய்த்த பசுக்கள் உடலைச் சுற்றிவந்து கதறின. அவ்வழியே வந்த சிவயோகியார் அவற்றின் துயர் பொறாது, தம் உடலை ஓரிடத்தே மறைத்துவைத்து, மூலன் உடலுள் புகுந்து எழுந்தார். பசுக்கள் துயர் நீங்கின. மூலனின் மனைவி அவரைத் தேடிவந்து வீட்டுக்கு அழைத்தாள். உனக்கும் எனக்கும் உறவில்லை என்றுவிட்டார் யோகியார். ஊரார் வந்து பார்த்து, இவர் யோகத்தில் ஆழ்ந்தவர் என அவளுக்கு எடுத்துரைத்தனர். இதைப் பசுக்களின் துயர் தீர்த்த கதையாகவே பலரும் சொல்வர். நமக்கோ அந்தப் பெண்ணின் நினைவே மேலோங்குகிறது. கணவனை இழந்தவளுக்கு, விழுந்து அழ ஓர் உடல்கூடக் கிட்டவில்லை.

மூச்சும் செபமும் இணைவது திருச்சபைக்குப் புதிதன்று. 1548-இல் திருத்தந்தை மூன்றாம் சின்னப்பரின் ஒப்புதல் பெற்ற 'ஆன்மப் பயிற்சிகள்' நூலில், ஒரு மூச்சுக்கும் மறு மூச்சுக்கும் இடையே கர்த்தர் கற்பித்த செபத்தின் ஒரு சொல்லைச் சொல்லித் தியானிக்கும் முறையைப் புனித இஞ்ஞாசியார் கற்பிக்கிறார். 1950-இல் குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில், மொன்ஷானின் அடிகளாரும் லெ சோ அடிகளாரும் சாந்திவனம் ஆசிரமத்தை நிறுவியதை நம்மவர் அறிவர். 1989-இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், கிறிஸ்தவத் தியானம் குறித்து ஆயர்களுக்கு மடல் ஒன்று விடுத்தது. சில உடற்பயிற்சிகள் தாமாகவே ஓர் அமைதியைத் தரும். அந்த அமைதியைத் தூய ஆவியார் தரும் ஆறுதல் என்று மயங்கிவிடலாகாது என அது எச்சரித்தது. பிற பெரும் சமயங்களின் தியான முறைகள் இறைமுன் அமைதியோடு நிற்கத் துணையாகக்கூடும் என்றும் அதே மடல் கூறியது. எச்சரிக்கையை மட்டும் மேடைதோறும் கேட்கிறோம். மற்றப் பாதியைச் சொல்வோர் அரியர்.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தது. வேளாங்கண்ணிக் கரையில் திருப்பயணிகளை அள்ளிச் சென்ற அதே அலை, அந்தமான் தீவுகளையும் வாரியடித்தது. ஒரு மாதம் கழித்து அத்தீவுகளில், உயிர்பிழைத்தோர் 47 பேருக்கு ஆராய்ச்சியாளர் சிலர் ஒரு வாரம் யோகப் பயிற்சி அளித்தனர். அச்சம், பதற்றம், சோகம், உறக்கக் கெடுதி ஆகியவை குறைந்ததாக அவர்களே கூறினர். மூச்சின் வேகமும் தணிந்திருந்தது. 2007-இல் வெளியான இந்த ஆய்வு மிகச் சிறியது. ஒரு வாரத்தில் கண்டதை ஓர் ஆயுளுக்கு நீட்டிப் பேசலாகாது. இறந்தவர் எவரும் அதனால் மீண்டுவரவும் இல்லை. இரவில் சற்றுக் கண்ணயர முடிந்தது. அகுஸ்தினாருக்கும் முதலில் வாய்த்தது அதுதானே?

அந்தத் தாயிடம் இவற்றுள் ஒன்றையும் நாம் சொல்லவில்லை. "பாவமில்லை, போய்ச் செய்யுங்கள் அம்மா. செய்யும்போது அழுகை வந்தால் அடக்க வேண்டாம்" என்று மட்டும் சொன்னோம். சில வாரங்கள் கழித்து, மகனுக்குத் திருப்பலி எழுதிவைக்க வந்தார். அதுவரை 'தம்பி' என்றே சொல்லி வந்தவர், அன்று மகனின் பெயரை முழுதாகச் சொல்லி எழுதச் சொன்னார். சொல்லி முடிக்குமுன் அழுதார். நாம் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தோம்.