ஏழாம் கட்டளையும் சமூகப் போதனையும்

'களவு செய்யாதிருப்பாயாக.' ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் நாம் எல்லாரும் படித்த கட்டளை இது. பிறர் பொருளை எடுக்கக்கூடாது, கண்டெடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஆசிரியர் சொல்லித் தந்தார். ஆனால், உழைத்தவருக்குரிய கூலியைக் குறைத்துக் கொடுப்பதும் இதே கட்டளையை மீறுவதுதான் என்று நம்மில் எத்தனை பேருக்கு அந்த வகுப்பில் சொல்லப்பட்டது?

கட்டளைக்குள் இருக்கும் போதனை

சமூகப் போதனை என்றதும், அது பணிக்குழுக்களுக்கும் கருத்தரங்குகளுக்கும் உரியது என்று எண்ணிவிடுகிறோம். 1992இல் வெளியான 'கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி' நூலோ அதை ஏழாம் கட்டளையின் விளக்கத்திலேயே வைத்துள்ளது (எண் 2401-2463). அநீதியான கூலி, வணிக மோசடி, பிறருடைய அறியாமையையோ நெருக்கடியையோ பயன்படுத்தி விலையை ஏற்றுவது, லஞ்சம், வரி ஏய்ப்பு, அரைகுறையாகச் செய்த வேலை ஆகிய அனைத்தையும் எண் 2409 இக்கட்டளைக்கு எதிரானவையாகக் கூறுகிறது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டதாலேயே ஒரு கூலி நியாயமானதாகிவிடாது என்கிறது எண் 2434. படைப்பைப் பேணும் கடமையும் இங்கேதான் வருகிறது (எண் 2415).

இது புதிய போதனையன்று. ஏழைக் கூலியாளின் கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிடச் சொல்கிறது இணைச்சட்டம் (24:14-15). கொடுக்கப்படாத கூலியின் கூக்குரல் ஆண்டவரின் செவியை எட்டுகிறது என்று எச்சரிக்கிறார் யாக்கோபு (5:4).

திருத்தந்தையர் காட்டிய வழி

திருத்தந்தை 13ஆம் லியோ 1891 மே 15 அன்று வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடல், நியாயமான கூலியையும் தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமையையும் ஆதரித்தது. 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை 14ஆம் லியோ, தாம் அப்பெயரை ஏற்றதற்கு அச்சுற்றுமடலை முக்கியக் காரணமாகக் குறிப்பிட்டார்.

இப்போதனை கத்தோலிக்கப் பள்ளிகளிலும் குருமடங்களிலும் மட்டுமன்றி, பங்குகளின் மறைக்கல்வியிலும் இடம்பெற வேண்டும் என்று 1961இல் கேட்டுக்கொண்டவர் புனித 23ஆம் யோவான். 'மாத்தேர் எத் மஜிஸ்த்ரா' என்னும் தம் சுற்றுமடலில் அதற்கான முறையையும் அவர் பரிந்துரைத்தார்: பார், சீர்தூக்கு, செயல்படு. பெல்ஜியம் நாட்டு அருள்பணியாளர் யோசேப் கார்டைன் இளம் தொழிலாளர்களிடையே வளர்த்த முறை அது.

வகுப்பில் எப்படி?

பார்: நமக்காக உழைப்பவர்கள் யார் யார் என்று பிள்ளைகள் ஒரு வாரம் கவனித்துவரட்டும். பால் கொண்டுவருபவர், குப்பை எடுப்பவர், வீட்டு வேலை செய்பவர். அவர்களுக்கு வார விடுமுறை உண்டா?

சீர்தூக்கு: யாக்கோபின் பகுதியை வாசித்து, கண்டதை அதனோடு ஒப்பிடட்டும்.

செயல்படு: தங்களால் இயன்ற ஒரு செயலைப் பிள்ளைகளே தீர்மானிக்கட்டும். அடுத்த ஞாயிறு அதைப் பற்றிக் கேளுங்கள்.

ஆசிரியர் தயங்கலாம். வீட்டு வேலை செய்யும் தாயின் மகளும் அந்த வீட்டுக்காரரின் மகனும் ஒரே வகுப்பில் இருக்கக்கூடும். யாரையும் சுட்டிக்காட்டத் தேவையில்லை; எவர் மனமும் புண்படாமல் பேச முடியும். ஆனால் பேசாமலே விட்டுவிட்டால், உன் தாயின் உழைப்பைப் பற்றிக் கடவுளுக்கு அக்கறை இல்லை என்றுதான் அந்தச் சிறுமிக்குச் சொல்லித் தருகிறோம்.

முதல் பாடம் நம்மிடமிருந்து

நீதியைப் பற்றிப் பேசத் துணிபவர் முதலில் தாம் நீதியாய் நடக்க வேண்டும் என்றும், திருச்சபைக்கு உழைப்பவர்கள் தகுந்த ஊதியம் பெற வேண்டும் என்றும் 1971ஆம் ஆண்டின் உலக ஆயர் மாமன்றம் கூறியது. நம் பங்கின் கோயில்பிள்ளைக்கும் உபதேசியாருக்கும், கோயில் வளாகத்தைக் கூட்டிப் பெருக்கும் சகோதரிக்கும் நாம் கொடுப்பது ஒரு குடும்பம் வாழப் போதுமா? பங்குப் பேரவை கேட்க வேண்டிய கேள்வி இது.

அன்புப் பெற்றோரே, உங்கள் பிள்ளை ஏழாம் கட்டளையைப் படித்துவிட்டு வரும் நாளில், "அம்மா, நம் வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்கு என்ன சம்பளம் தருகிறோம்?" என்று கேட்கலாம். கோபப்படாதீர்கள். பாடம் பிள்ளையின் உள்ளத்தில் இறங்கியிருக்கிறது என்று இறைவனுக்கு நன்றி கூறி, உண்மையான பதிலைச் சொல்லுங்கள்.