இசை ஏட்டில் பேசும் அந்நிய மொழிகள்

நம் ஆலயத்துப் பாடற்குழுவினர் கையில் ஏந்தி நிற்கும் மேனாட்டு இசைத்தாள்களை உற்றுப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். ஐந்து கோடுகள், அவற்றின்மேல் சுரக்குறிகள், அடியில் பாடலின் வரிகள். இவற்றோடு, தாளின் தலைப்பிலும் ஓரங்களிலும் சாய்ந்த எழுத்தில் சின்னஞ்சிறு சொற்கள் சிதறிக் கிடக்கும். அல்லேக்ரோ, அந்தாந்தே, பியானோ, ஃபோர்த்தே, தா காப்போ, ஃபீனே! இவை தமிழும் அல்ல, ஆங்கிலமும் அல்ல. பாட்டின் முடிவைக் காட்டும் 'ஃபீனே' என்ற சொல்லை ஆங்கிலமென எண்ணி 'ஃபைன்' என்று படித்து, "இந்த இடம் நன்றாயிருக்கிறது என்று எழுதியிருக்கிறார்களா?" எனக் கேட்கும் பிள்ளைகளும் உண்டு.

இசைத் தேர்வுக்குச் செல்லும் மாணவர்கள் இச்சொற்களை வாய்ப்பாடுபோல் மனனம் செய்கிறார்கள். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். பாடும்போதோ பாட்டு முழுவதையும் ஒரே வேகத்தில், ஒரே உரத்த குரலில் பாடி முடிக்கிறோம். இச்சொற்கள் வெறும் அலங்காரமா? இவை யாரால், எதற்காக எழுதப்பட்டன? இவற்றின் வரலாற்றைச் சிறிது சிந்திப்பது நலம். ஏனெனில் அவ்வரலாற்றின் பெரும்பகுதி நம் திருச்சபையின் மடங்களிலும் ஆலயங்களிலும் நடந்தேறியதாகும்.

திக்குவாய்த் துறவியின் கடிதம்

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கிரகோரியார் இசையை எழுதி வைத்தவர்களுக்குக் கோடுகள் கிடையா. பாட்டின் வரிகளுக்கு மேலே சிறு வளைவுகளையும் புள்ளிகளையும் இட்டார்கள். குரல் ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதை அவை காட்டின. எவ்வளவு ஏற வேண்டும் என்பதைக் காட்டவில்லை. பாட்டை ஏற்கெனவே அறிந்தவனுக்கு அது நினைவுக்குறிப்பு; அறியாதவனுக்கு அது வெறும் கோலம்.

இக்காலத்தில் சுவிட்சர்லாந்து நாட்டில் உள்ள புனித கால் மடத்தின் ஏடுகளில் புதுமை ஒன்றைக் காண்கிறோம். வளைவுகளின் அருகே இலத்தீன் எழுத்துகள் சில தனித்தனியே எழுதப்பட்டுள்ளன. 'சி' என்றால் செலெரித்தெர், அதாவது விரைவாக. 'டி' என்றால் தெனேரே, பிடித்து நிறுத்து. 'எல்' என்றால் லெவாரே, குரலை உயர்த்து. 'எக்ஸ்' என்றால் எக்ஸ்பெக்தாரே, சற்றுக் காத்திரு. 'எம்' என்றால் மிதமாக. அதாவது, சொன்னதைச் செய், ஆனால் மிஞ்சிவிடாதே!

இவ்வெழுத்துகளின் பொருளை விளக்கும்படி சகோதரர் ஒருவர் கேட்க, அம்மடத்துத் துறவி நொத்கேர் என்பவர் கடிதம் ஒன்று வரைந்தார். இவர் 912ஆம் ஆண்டு இறந்தார். 'திக்குவாயர்' என்பதே இவருக்கு வழங்கிய சிறப்புப் பெயர். பேச நா தடுமாறிய இவர், எங்கே விரைய வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று பாடுவோருக்குக் கற்பித்தார்! அகர வரிசைப்படி எழுத்துகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தையும் அதே எழுத்தில் தொடங்கும் சொற்களாலேயே விளக்கினார். நம் ஔவையார் ஆத்திசூடியை எழுத்து வரிசையில் அமைத்ததுபோல, நினைவில் பதிவதற்கான உபாயம் அது. இசைத்தாளில் பாடும் முறையைக் குறிக்கும் சொற்களுக்கு எழுந்த மிகப் பழைய விளக்கவுரைகளுள் இக்கடிதம் ஒன்று எனலாம்.

அரேசோ நகர் ஆசிரியர்

அடுத்த நூற்றாண்டில் இத்தாலியில் கீதோ என்ற துறவி தோன்றினார். பொம்போசா மடத்தில் இருந்தபோது, பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் பாட்டு பயின்றும் ஆசிரியர் துணையின்றி ஒரு வரிகூடப் புதிதாகப் பாட இயலாததைக் கண்டு வருந்தினார். எனவே சுரங்களைக் கோடுகளின்மேல் அமைத்தார். இடம் தெரிவதற்காக ஒரு கோட்டைச் சிவப்பாலும், வேறொன்றை மஞ்சளாலும் தீட்டச் செய்தார். புனித ஸ்நாபக அருளப்பரின் இலத்தீன் கீதம் ஒன்றில் வரிக்கு வரி சுரம் ஒரு படி ஏறுவதைக் கண்டு, அவ்வரிகளின் முதல் அசைகளாகிய உத், ரே, மி, ஃபா, சோல், லா என்பவற்றையே சுரங்களின் பெயராக்கினார். 'உத்' என்பது பிற்காலத்தில் இத்தாலியில் 'தோ' ஆயிற்று. நம் ச, ரி, க, ம போன்றே இன்றும் உலகெங்கும் பிள்ளைகளின் நாவில் வழங்குவது அந்தத் துறவியின் பாடமேயாகும்.

புதுமை கண்ட கீதோவுக்கு மடத்தில் பொறாமையே பரிசாகக் கிடைத்தது. அவர் அரேசோ நகருக்குச் சென்றார். அந்நகர் ஆயர் தெயோதால்தோ ஆதரவளித்தார். புகழ் உரோமை எட்டியது. 1024 முதல் 1032 வரை ஆண்ட பாப்பரசர் 19ஆம் அருளப்பர் அவரை அழைத்து, அவருடைய ஏட்டைத் தாமே புரட்டிப் பார்த்து, அதுவரை கேட்டறியாத ஒரு வரியை அங்கேயே பாடிவிட்டாராம்! இதைக் கீதோவே தம் நண்பர் மிக்கேலுக்கு எழுதிய கடிதத்தில் மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறார். முன்பு 10 ஆண்டு உழைத்தும் அரைகுறையாகவே கற்றதை, இனி ஓராண்டில், மிஞ்சினால் ஈராண்டில் கற்கலாம் என்கிறார்.

இதன் உட்பொருளைக் கவனியுங்கள். ஏட்டைப் படிக்கத் தெரியாத பாடகன் என்றென்றும் பிறர் வாயை எதிர்பார்த்து நிற்பவன். ஆசிரியர் மறைந்தால் பாட்டும் மறையும். ஏட்டைப் படிக்கத் தெரிந்தவனோ, தான் காணாத ஆசிரியரிடமும் கற்க வல்லவன்.

வெனிஸ் நகரிலிருந்து உலகுக்கு

இலத்தீன் இருந்த இடத்தில் இத்தாலிய மொழி எப்படி வந்தது? 1501ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் பெத்ரூச்சி என்பவர் பல குரல் இசையை அச்சிட்டு வெளியிட்டார். அதன்பின் இசை ஏடுகள் கடல் கடந்தும் மலை கடந்தும் விலையாயின. பாட்டை அமைத்தவர் ஓரிடம், பாடுவோர் வேறிடம். கையசைத்துக் காட்ட அவர் அருகில் இல்லை. ஆகவே கையசைவு செய்த வேலையைச் சொல் செய்ய வேண்டியதாயிற்று.

அதே நகரின் புனித மாற்கு ஆலயத்தில் ஆர்கன் வாசித்த ஜொவான்னி கப்ரியேலி, 1597ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் ஓர் இசைப் படைப்புக்கு 'மெல்லவும் உரக்கவும்' என்று பொருள்படும் தலைப்பே தந்தார். கருவி வாசிப்போர் இரு குழுவினர். ஒரு குழு மட்டும் வாசிக்கும் இடத்தில் 'பியானோ' எனவும், இரண்டும் சேரும் இடத்தில் 'ஃபோர்த்தே' எனவும் குறித்தார். இவ்விரு சொற்களையும் அச்சில் கண்ட முதல் படைப்புகளுள் அதுவும் ஒன்று. பின்னர் இத்தாலியக் கலைஞர்கள் ஐரோப்பிய அரசவைகளிலெல்லாம் பணியாற்றச் செல்ல, அவர்களுடைய பேச்சுவழக்கே இசையின் பொதுமொழியாயிற்று.

இவை பெரும்பாலும் அந்நாட்டு மக்கள் வீட்டிலும் தெருவிலும் பேசும் எளிய சொற்கள். அல்லேக்ரோ என்றால் மகிழ்ச்சியோடு. அந்தாந்தே என்றால் நடந்து செல்லும் பாங்கில்; ஓடவும் வேண்டாம், நிற்கவும் வேண்டாம். அதாஜியோ என்றால் ஆற அமர. லார்கோ என்றால் அகலமாக. தா காப்போ என்றால் தலையிலிருந்து, அதாவது முதலிலிருந்து பாடு. ஒரு சுரத்தை நீட்டி நிற்கச் சொல்லும் பெர்மாத்தா என்ற சொல்லையே இன்று இத்தாலியர் பேருந்து நிறுத்தத்துக்கும் வழங்குகின்றனர்! மனனம் செய்த பிள்ளைக்கு அந்தாந்தே என்பது 'மிதவேகம்' மட்டுமே. பொருளறிந்த பிள்ளைக்கோ அது பவனியில் நடந்துவரும் மக்களின் காலடியோசை.

கருவிகளின்றிக் குரலால் மட்டும் பாடுவதை 'ஆ கப்பெல்லா' என்பர். சிற்றாலய முறையில் என்பது பொருள். 'கப்பெல்லா' என்ற சொல்லின் வரலாறு உருக்கமானது. 4ஆம் நூற்றாண்டில் போர்வீரராயிருந்த புனித மார்த்தீனார், குளிரில் நடுங்கிய ஏழை ஒருவனுக்குத் தம் போர்வையை வாளால் வெட்டிப் பாதியைக் கொடுத்தார். அந்தப் போர்வையைப் பிராங்க் நாட்டு அரசர்கள் திருப்பண்டமாகப் போற்றி வைத்தார்கள். போர்வையைக் குறித்த 'கப்பெல்லா' என்ற சொல், அது வைக்கப்பட்ட இடத்துக்கு ஆகி, பின்னர் எல்லாச் சிற்றாலயங்களுக்கும் ஆயிற்று. ஆம், அச்சொல்லைத் தாளில் காணும்போதெல்லாம் ஏழையின் தோளில் விழுந்த அரைப் போர்வையையும் காண்கிறோம்!

அகராதி எழுதிய குரு

அந்நியச் சொல் கண்டு மயங்கியவர்கள் நாம் மட்டுமல்ல. 1683ஆம் ஆண்டு இலண்டனில் ஹென்றி பர்செல் தம் இசை நூலை வெளியிட்டபோது, ஆங்கிலேயருக்கு இத்தாலியச் சொற்கள் புரியாவென்று முன்னுரையிலேயே விளக்கம் எழுதினார். அதில் லார்கோவை நடுத்தர வேகம் என்கிறார்; பிற்காலத்தாரோ அதையே மிக மெதுவான நடைக்கு வழங்கினர். ஆகவே சொல்லைக் கற்பவன் அது எக்காலத்தில், யார் எழுதியது என்பதையும் கேட்டறிய வேண்டும்.

பிரான்சு நாட்டில் இப்பணியைச் செய்தவர் செபாஸ்தியான் தெ புரொசார் என்னும் குருவானவர். ஸ்ட்ராஸ்பூர் பேராலயத்திலும் பின்னர் மோ நகர்ப் பேராலயத்திலும் இசைப் பொறுப்பாளராக இருந்தார். இசை ஏடுகளில் காணும் கிரேக்க, இலத்தீன், இத்தாலியச் சொற்களைத் திரட்டி, 1703ஆம் ஆண்டு பாரிசில் இசை அகராதி ஒன்றை வெளியிட்டார். பொருள் சொன்னதோடு நில்லாமல், அச்சொற்களைப் பாடும்போது சரியாக உச்சரிப்பது எப்படி என்பதையும் அதில் சேர்த்தார். இத்தனை பெரிய உழைப்பு, திருப்பலியும் செபமும் பாடகர் பயிற்சியுமாக நாளைக் கழித்த ஒரு குருவின் உழைப்பு! அந்நிய மொழிக்கு அஞ்சி அவர் ஒதுங்கவில்லை. தம் மொழியைக் கைவிடவும் இல்லை. அந்நியச் சொல்லைத் தம் மொழியில் விளக்கித் தம் மக்கள் கையில் கொடுத்தார்.

எந்தக் கருவியும் அளக்காத கட்டளை

1815ஆம் ஆண்டு மேல்சல் என்பவர் மெத்ரோனோம் என்ற தாளக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்று எண்ணால் காட்டலாம். பேத்தோவன் இதை வரவேற்றார். 1817ஆம் ஆண்டு எழுதிய கடிதம் ஒன்றில், அல்லேக்ரோ முதலிய பழஞ்சொற்களை விட்டுவிடலாம் என்றுகூடச் சொன்னார். மகிழ்ச்சி என்று பொருள்படும் சொல்லைத் துயரமான இசைக்கும் சூட்டுகிறார்களே என்பது அவருடைய குறை. நியாயமான குறைதான்.

ஆனால் அதே பேத்தோவன், செவிப்புலனை இழந்திருந்த காலத்தில், 1819 முதல் 1823 வரை பெருந்திருப்பலி இசை ஒன்றை அமைத்தார். அதில் 'ஆண்டவரே இரக்கமாயிரும்' என்று மன்றாடும் பகுதியின் தலைப்பில் வேகத்தைக் குறிக்கும் இத்தாலியச் சொற்களை எழுதினார். எழுதிவிட்டு, தம் தாய்மொழியாகிய ஜெர்மனில் 'மித் அந்தாக்த்' என்று சேர்த்தார். 'தூயவர்' கீதத்திலும் அதையே எழுதினார். பொருள் என்ன? 'பக்தியுடன்.' எத்தனை தட்டு பக்தி? எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. எண் முடிந்த இடத்தில் மீண்டும் சொல்லையே நாடினார் அந்த மேதை.

நமக்குரிய பாடம்

நம் முன்னோர் இலத்தீன் கீதங்களைச் செவிவழிக் கேட்டு ஆர்வத்தோடு பாடினர். 1963ஆம் ஆண்டு வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டில் தாய்மொழிக்கு வழி திறந்தது. கிரகோரியார் இசைக்குரிய முதன்மையையும் அதே ஏட்டில் நிலைநாட்டியது. ஆகவே அந்நியச் சொல்லை வெறுப்பதும் நம் வழியன்று, பொருள் அறியாமல் ஒப்பிப்பதும் நம் வழியன்று. விளம்ப காலம், மத்திம காலம், துரித காலம் என்று நடையை வகுத்துப் பாடும் மரபு நம் நாட்டிலும் உண்டு. அதை அறிந்த நமக்கு இவை எட்டாத செய்திகள் அல்ல.

பாடற்குழுவின் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதிய பாட்டை எடுத்ததும் முதலில் சுரத்தைத் தேடாதீர்கள். அந்தச் சிறு சொற்களைத் தேடுங்கள். பொருளைக் கேட்டறிந்து, ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் தமிழில் எழுதி வையுங்கள். 'பியானோ' என்ற இடத்தில் ஒலிவாங்கியின் துணையோடு முழங்காமல், உண்மையாகவே குரலைத் தாழ்த்துங்கள். பின்வரிசையில் கண்ணீரோடு முழந்தாளிட்டிருக்கும் தாய் ஒருத்திக்கு அந்த ஒரு வரியின் மென்மையே செபமாகலாம். அச்சொல்லை எழுதியவர் என்றோ மறைந்தவர், உங்களைக் கண்டதில்லை. ஆயினும் உங்களை நம்பித்தான் எழுதினார்.

எந்தத் தாளில் எந்த மொழியில் என்ன எழுதியிருந்தாலும், அதன் மேலே நாமே எழுதிக்கொள்ள வேண்டிய சொல் ஒன்று உண்டு. அது 'பக்தியுடன்' என்பதே.